அழியாதவனுக்குக் கவாத்து

குன்னூர்
ஞாயிறு மாலை

அன்பு மருமகளுக்கு,

நீ வரைந்து அனுப்பிய பன்னிரண்டு காமிக்ஸ் பக்கங்களையும் முதலில் போனில் பார்த்தேன். மனசு ஆறவில்லை. இங்கே பெட்போர்டு பக்கம் கடைக்குப் போய் பிரிண்ட் எடுத்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். மழைக்கோட்டோடு மலைமுகட்டில் நிற்கிறாரே உன் கிழட்டு நாயகர், அந்தப் பக்கம் அபாரம். ஒரு கோடுகூடப் போடாமல் மூடுபனியை இறக்கியிருக்கிறாய்.

கூடவே ஒரு புலம்பல்: "பதிமூணாம் பக்கம் நகர மாட்டேங்குது மாமா. சுட்டாலும் சாக மாட்டார், உருட்டிவிட்டாலும் சாக மாட்டார். இதுக்கு மேல என்னத்த வரையறது?"

பதில் என் பழைய காமிக்ஸ் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. நீ சின்ன வயதில் அட்டையைக் கிழித்துவிட்டு என்னிடம் திட்டு வாங்கினாயே, அதே பெட்டிதான்.

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் சிலோனை விட்டு வந்த குடும்பம் நம்முடையது. மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியேறினோம். எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-ல் தொடங்கிய தோட்டங்கள் அவை. 1972-ல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸை ஆரம்பித்தார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. நாலு பையன்கள் கைமாறி, அட்டை இல்லாமல்தான் அது என்னிடம் வந்து சேர்ந்தது.

மாயாவி பிறந்தது 1962-ல், பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில். வரைந்தவர் ஸ்பெயின்காரர் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், கை மட்டும் மறையாது. இருட்டில் ஒற்றைக் கை தனியாக மிதந்து வரும் கட்டத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி வெளியே போகப் பயந்திருக்கிறேன். பிளக்கில் விரலை விட்டுப் பார்த்த பையன்கள் அந்தக் காலத்தில் உண்டு. எங்கள் லயத்தில் கரண்ட் கிடையாது, நான் தப்பித்தேன்.

இப்போது யோசித்துப் பார். கையும் சேர்ந்து மறைந்திருந்தால் அவனை யார் பிடிக்க முடியும்? கதை இரண்டாம் பக்கத்திலேயே முடிந்திருக்கும். ஷாக்கின் வேகம் தீர்ந்ததும் உருவம் திரும்பிவிடும் என்ற பயம் வேறு. மறையாத கையும் தீர்ந்துபோகும் கரண்டும்தான் அவனை ஐம்பது வருஷமாகத் தமிழில் ஓட்டுகின்றன.

அடுத்தவர் முகமூடி வீரர் மாயாவி. வேதாளன் என்றும் சொல்வார்கள். 1936-ல் லீ ஃபாக் உருவாக்கியது. சாவே இல்லாதவர் என்று காடே நம்பும். வாசகனுக்கு மட்டும் ரகசியம் தெரியும்: 1536-ல் சபதம் எடுத்த முதல் ஆளிலிருந்து இவர் இருபத்தொன்றாவது தலைமுறை. முன்னவர்கள் எல்லாரும் செத்து, மண்டையோட்டுக் குகையில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். சாகாதவர் என்ற பெயரை இருபது சாவுகள் தூக்கி நிறுத்துகின்றன. லீ ஃபாக்கும் 1999-ல் போய்விட்டார், வேறு கைகள் எழுதுகின்றன. சிவகாசியிலும் சௌந்தரபாண்டியன் ஆரம்பித்ததை மகன் விஜயன் நடத்துகிறார்.

உன் தாத்தா இதை வேறு மாதிரி சொல்லியிருப்பார். அவர் கவாத்துக்காரர். தேயிலையை வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் வெட்டியே ஆக வேண்டும். கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டி, கட்டைவிரலில் பதம் பார்த்துவிட்டுச் செடிக்குள் குனிவார். ஒரே இழுப்பு, வெட்டு சாய்வாக விழ வேண்டும். தட்டையாக வெட்டினால் தண்ணீர் தேங்கிக் கட்டை அழுகிவிடும். ஓரத்தில் ஒன்றிரண்டு கிளைகளை மட்டும் விட்டுவைப்பார். "அதுவும் மூச்சு விடணும்ல" என்பார். வெட்டி முடித்த காடு சுடுகாடு மாதிரி கிடக்கும். இரண்டு மூன்று மாதத்தில் துளிர் வரும். அந்தக் காடு இன்னும் இருக்கிறது. அதற்கும் முத்து காமிக்ஸுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. தூர் கிழடு, கொழுந்து போன வாரத்தது.

உன் நாயகரை நீ இன்னும் கவாத்துப் பண்ணவில்லை. அதுதான் கோளாறு.

பெரிய வில்லனைத் தேடாதே. அவரால் ஜெயிக்க முடியாத சின்ன விஷயம் ஒன்று வேண்டும். குண்டு துளைக்காத முழங்கால் ஊட்டிக் குளிரில் வலிக்கட்டும். மாத்திரைச் சீட்டைப் படிக்கக் கண்ணாடி தேடட்டும். பிரிட்டிஷ் காமிக்ஸில் ஜட்ஜ் ட்ரெட் 1977-ல் வந்ததிலிருந்து நம்மோடு சேர்ந்து வயதாகிக்கொண்டே போகிறார், அதனால் அவர் தரம் ஒன்றும் இறங்கவில்லை.

நாலாம் பக்கத்தில் டீ ஆற்றுகிறாரே ஒரு பெரியவர், அவரைச் சும்மா கூட்டத்துக்காக நிறுத்திவிட்டாய். அவரைப் பிடி. முப்பது வருஷத்துக்கு முன்னால் நாயகர் காப்பாற்றிய ஆளாக இருக்கட்டும். பதிமூன்றாம் பக்கத்தில் கடை பூட்டியிருக்கட்டும். பூட்டுக்கு முன்னால் உன் அழியாத மனிதர் நிற்கட்டும். மலையையே தூக்கக்கூடியவர்தான், ஆனால் அந்தப் பூட்டை உடைத்து என்ன செய்வார்? அங்கே வசனம் எழுதாதே. முதுகை மட்டும் வரை.

கடையை மறுபடி யார் திறப்பார்கள், நாயகர் தன் மழைக்கோட்டை யாரிடம் கொடுப்பார் என்பதெல்லாம் உன் பாடு. ஆனால் ஒன்று: கொடுக்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டு நிற்கிற ஆளை வைத்து நீ நூறு பக்கம் வரையலாம், எனக்குப் பன்னிரண்டிலேயே தூக்கம் வந்துவிடும்.

பொங்கலுக்கு வா. தாத்தாவின் கவாத்துக் கத்தியை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். தீட்டித் தீட்டி அலகு பாதியாகிவிட்டது, பிடியில் அவர் கட்டைவிரல் பட்ட இடம் குழிந்திருக்கிறது. போட்டோ அனுப்ப மாட்டேன். கையில் பிடித்துப் பார்த்து வரை.

உன் மாமா