ஏரிப் பணியும் மாணவர் கழகங்களும்

‘அபிவிருத்தி’ என்னும் சொல் இக்காலத்தில் உலகெங்கும் பெருவழக்காய் இருத்தலை யாவரும் அறிவர். அதனோடு ‘நிலைபேறு’ என்னும் சொல்லையும் சேர்த்துக் கூறும் வழக்கம் சென்ற நூற்றாண்டின் இறுதியிலே பரவிற்று. 1987-ஆம் ஆண்டில், நார்வே தேசத்துப் புருண்ட்லாண்டு அம்மையாரைத் தலைவராகக் கொண்ட உலகக் குழுவொன்று, பின்வரும் தலைமுறையாரின் தேவைகளுக்கு ஊறு நேராவண்ணம் இக்காலத்தார் தம் தேவைகளை நிறைவேற்றிக் கொள்ளுதலே நிலைபெறும் அபிவிருத்தியாம் என்னும் கருத்தை வெளியிட்டது. 2015-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை இக்கருத்தை 17 இலக்குகளாக விரித்து, 2030-ஆம் ஆண்டை அவற்றிற்கு எல்லையாகக் குறித்தது. இவ்விலக்குகளை முன்னிட்டுப் பல தேசத்துச் சர்வகலாசாலைகளிலும் மாணவர் கழகங்கள் பணியாற்றி வருகின்றன. நம் நாட்டுக் கல்லூரிகளிலும் அத்தகைய கழகங்கள் பல உள.

இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. கல்லூரியில் மூன்றாண்டு மட்டுமே தங்கும் ஒரு மாணவர், பல தலைமுறைக்கு நின்று பயன்தர வேண்டிய ஒரு பொருளுக்கு உண்மையாகச் செய்யக்கூடிய உதவி யாது? பொதுப்படப் பேசுவதினும் கண்முன் உள்ள ஒன்றைக் கொண்டு ஆராய்தல் நலம். ஆதலின், சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள ஏரிகளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

இவ்வூர்கள் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவை ‘ஏரி ஜில்லா’ என்றே வழங்குவர். இந்நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மிகச் சிறிதே சாய்ந்துள்ளது. ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு இங்கு இல்லை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலே பெய்து ஓய்ந்துவிடும். நம் முன்னோர் இச்சாய்வை நன்கு ஆராய்ந்து, பிறை வடிவாகக் கரை எழுப்பி, வரத்துக்கால் வழியே மழைநீரை வாங்கி, மதகு வழியே வயலுக்கு விடுத்து, மிகுந்த நீரைக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போக்கினர். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, மாதவரம் ஏரி ஆகிய மூன்றும் இவ்வாறு ஒன்றன் மிகைநீர் மற்றொன்றிற்குச் செல்லுமாறு தொடராய் அமைந்தவை. ஆகவே ஓர் ஏரியின் நலம் அதன் கரைக்குள் அடங்கியதன்று. மேலுள்ள கால்வாயும் கீழுள்ள ஏரியும் அதனோடு பிணைந்துள்ளன.

அபிவிருத்தி இவ்வட்டாரத்தினுள் நுழைந்த வரலாறு குறிப்பிடத்தக்கது. 1955-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஆவடியிலே கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச மாதிரியான சமுதாயத்தை அமைப்பதே தேசத்தின் நோக்கம் எனத் தீர்மானித்தது. அடுத்த பத்தாண்டிற்குள் ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரிலே தொழிற்பேட்டையும் எழுந்தன. பல்லாயிரம் குடும்பங்கள் பிழைக்க வழி பெற்றன. இந்நன்மையைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. ஆயினும் வயல்கள் மனைகளாயின. வயல் இருந்தவரையில் வரத்துக்காலில் மண் மூடினால் உழவர் அதனை வெட்டித் திருத்தினர். கரை கசிந்தால் மண்ணிட்டு அடைத்தனர். நீர்க்கட்டி என்பார் மதகைக் காத்து முறைவைத்து நீர் விடுத்தனர். இதனைக் குடிமராமத்து என்பர். பாசனம் நின்றபின் ஏரியைத் தம்முடையதென எண்ணிக் காப்பாரும் இலராயினர். அந்த வெறுமையிலே கழிவுநீரும் குப்பையும் ஆக்கிரமிப்பும் புகுந்தன. கொரட்டூரில் ஊர்மக்கள் இயக்கமாய்க் கூடித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று வழக்காட நேர்ந்தமை இதற்குச் சான்று.

இப்புறக்கணிப்பின் விளைவைச் சென்னை மாநகர் இருமுறை கண்டது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் பெருமழை பெய்தபோது, அதிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் இரு கரையும் வெள்ளத்தில் அமிழ்ந்தன. நான்கு ஆண்டு கழியுமுன், 2019-ஆம் ஆண்டுக் கோடையில், அவ்வேரியும் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளும் ஏறக்குறைய வற்றின. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஏரிகள் நிறைந்த நிலத்துக்கு நீரை ரயிலில் கொணர வேண்டியதாயிற்று! மிகுமழைக்காலத்து நீரைத் தாங்கி, வறண்ட காலத்துக்கு அளித்தல் ஏரியின் தொழில். சிற்றேரிகள் தூர்ந்து கால்வாய்கள் அடைபட்டவழி, வெள்ளமும் வறட்சியும் ஒருங்கே மிகும்.

இனி, மாணவர் பணியை நோக்குவோம். காந்தியடிகளின் நூற்றாண்டு விழா ஆண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், நாட்டு நலப்பணித் திட்டம் 37 சர்வகலாசாலைகளில் ஏறக்குறைய 40,000 மாணவருடன் தொடங்கிற்று. ‘எனக்கன்று, உனக்கே’ என்பது அதன் நெறி. இதிற் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணிசெய்தலும், ஒரு சிற்றூரிலே ஏழு நாள் முகாமிடுதலும் முறை. 1973-ஆம் ஆண்டிலே பஞ்சத்தை எதிர்த்தும், அடுத்த ஆண்டுகளில் அழுக்கையும் நோயையும் எதிர்த்தும் இம்முகாம்கள் நடைபெற்றன. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது சென்னைக் கல்லூரி மாணவர் உணவும் உடையும் சுமந்து தெருத்தெருவாய்ச் சென்றதை நகரத்தார் மறந்திலர்.

எனினும் ஏரிப் பணியில் ஒரு குறை காணப்படுகின்றது. ஜூன் 5-ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் தினம் வருகின்றது, கரையில் மரக்கன்றுகள் நடப்படுகின்றன, புகைப்படம் எடுக்கப்படுகின்றது. கோடை விடுமுறையில் மாணவர் ஊர் சென்றபின் அக்கன்றுகளுக்கு நீர் வார்ப்பார் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அகற்றிய குப்பை மறுமாதம் அதே இடத்திற் குவிகின்றது. வரும் ஆண்டு புதிய மாணவர் வந்து, முன்னோர் செய்தது இன்னதென்று அறியாமலே மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றனர். மாணவரிடத்து ஊக்கம் குறைவன்று, தொடர்ச்சியே குறைவு.

உறுப்பினர் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு சபை, மாறாத ஓர் ஏரியைக் காத்தல் இயலுமா? இயலும் என்பதற்கு நம் தொண்டை மண்டலத்திலேயே ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சான்று உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பெற்ற அறுவர் ஏரி வாரியமாய் இருந்தனர் என்றும், அவர்தம் பதவிக்காலம் 360 நாளே என்றும் அவற்றால் அறிகிறோம். நம் மாணவர் மூன்றாண்டேனும் தங்குவர். அவ்வாரியத்தாரோ ஓராண்டில் நீங்கினர். நிலமும் கல்வியும் உடையாரே அச்சபையில் இடம் பெற்றனர் என்பது அதன் குறை. ஆயினும் ஒரு விதி கருதத்தக்கது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியம் புகுதற்கு உரியரல்லர் என அக்கல்வெட்டு விலக்கிற்று. ஆட்கள் மாறினும் கணக்கு மாறாது கைமாறியமையின், ஆண்டுதோறும் புதியரான அறுவரால் பணியைத் தொடர முடிந்தது.

இக்காலத்தும் அவ்வாறு நடக்கும் மாணவர் பணி சென்னையிலே உண்டு. கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைக் காக்கும் முயற்சி 1970-களின் தொடக்கத்தில் தோன்றியது. 1988-ஆம் ஆண்டில் மாணவர் சிலர் அதனைத் தம் பொறுப்பில் ஏற்று, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றை நிறுவினர். ஆண்டுதோறும் ஜனவரி முதல், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையிலே இரவில் நடந்து, ஆமையிட்ட முட்டைகளைக் கண்டெடுத்துக் காப்பிடத்திற் புதைத்து, ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்துப் பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுவர். கண்ட ஆமை எத்தனை, இறந்து ஒதுங்கியவை எத்தனை, முட்டை எத்தனை என்பன எழுதப்படும். தொடங்கிய மாணவர் இன்று நடுவயதினர். நடை மட்டும் நின்றிலது.

பிற நாட்டு மாணவர் கழகங்களும் இப்பாடத்தைக் கற்றே முன்னேறின. கனடா தேசத்தில் 2000-ஆம் ஆண்டிலே இளம் பொறியியற் பட்டதாரிகள் இருவர் ‘எல்லையில்லாப் பொறியாளர்’ என்னும் பொருள்படும் சங்கத்தை நிறுவினர். பல சர்வகலாசாலைகளில் அதற்குக் கிளைகள் ஏற்பட்டன. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டிலே, வெளிநாட்டு உதவியால் அமைத்த குடிநீர்க் குழாய்களிற் பெரும்பாலன சிறிது காலத்துக்குள் வறண்டு கிடத்தலையும், அவற்றிற்கு அருகிலேயே மற்றொரு நாட்டார் முன்னர் அமைத்த குழாய்களும் அவ்வாறே கெட்டுக் கிடத்தலையும் அச்சங்கத்தார் கண்டனர். குழாய் அமைக்கப் பொருள் கிடைத்தது. பழுது பார்க்கப் பொருளும் ஆளும் இல்லை. முதலில் கெட்டதன் காரணத்தை எவரும் எழுதிவைக்காமையால் இரண்டாமதும் அதே வழியிற் கெட்டது. இதனை உணர்ந்து, 2008-ஆம் ஆண்டு முதல் அச்சங்கத்தார் தம் தோல்விகளையே அறிக்கையாக அச்சிட்டு வெளியிடலாயினர்.

ஆகவே மாணவர் கழகம் ஒவ்வொன்றும் தன் கல்லூரிக்கு அணிமையிலுள்ள ஏரி ஒன்றைத் தேர்ந்து, அதற்கென ‘ஏரிப் பதிவேடு’ ஒன்றைத் தொடங்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். அதில் எழுதத்தக்கவை சில கூறுவோம்.

முதலாவது, நீர்மட்டம். மதகின் சுவரில் ஓர் அடையாளத்தைக் கொண்டு, வாரம் ஒருமுறை அளந்து எழுதுக. கல்லூரி வளாகத்து மழைமானியின் அளவையும் பக்கத்திற் குறித்தால், பெய்த மழைக்குத் தக ஏரி நிறைகின்றதா என்பது விளங்கும். மழை மிக்கும் ஏரி நிறையாதாயின், வரத்துக்கால் அடைபட்டதென ஐயுறலாம். மழையின்றியும் மட்டம் ஏறுமாயின், கழிவுநீர் புகுகின்றதென ஐயுறலாம்.

இரண்டாவது, நீரின் தன்மை. இரசாயன மாணவர்க்கு இது நல்ல பயிற்சி. நீரிற் கரைந்துள்ள உயிர்வளியை விங்க்ளர் முறையால் அளக்கலாம். மாங்கனீசு உப்பும் கார அயோடைடும் கரையிலேயே சேர்த்து உயிர்வளியை நிலைநிறுத்திக் கொணர்ந்து, அமிலமிட்டபின் தயோசல்பேட்டினால் தரம்பார்த்தல் அம்முறையாம். மீனும் பிற உயிரும் வாழ, லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாத உயிர்வளி வேண்டுமென மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ளது. விடியற்காலையில் அவ்வளவு குறைந்தும் பிற்பகலில் மிகுந்தும் இருக்குமாதலின், எப்போதும் ஒரே வேளையில் நீர் முகத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, பறவைகள். நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆசியக் கண்டத்தில் 1987-ஆம் ஆண்டு முதல் ஜனவரி மாதந்தோறும் நடைபெறுகின்றது. பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணும் வழக்கமும் தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு முதல் உண்டு. நாமக்கோழியும் முக்குளிப்பானும் எத்தனை வந்தன என எழுதும் ஒரு மாணவர், தம் ஏரியை உலகக் கணக்கிற் சேர்த்தவராவர்.

நான்காவது, மக்கள். கரையில் வாழ்வோர் பலர் ஏழைகள். வேறிடம் இன்மையால் அங்குக் குடியேறியவர். அவர்களைக் குற்றவாளிகளெனக் கருதி அணுகுதல் தகாது. ஏரி முன்னர் எவ்விடம் வரை பரந்திருந்தது, கால்வாய் எவ்வழி ஓடிற்று, வெள்ளம் எத்தனை அடி ஏறிற்று என்பவற்றை அவரே நன்கு அறிவர். முதியோர் கூறுவதைக் கேட்டு, நாளும் இடமும் குறித்து எழுதுதல் வரலாற்று மாணவர்க்கு ஏற்ற தொண்டு. ஏரி சீர்பெறும்போது அவர்க்குத் தக்க இடம் கிடைத்தல் வேண்டும் என்பதையும் அப்பதிவேடு நினைவூட்டும்.

பரீட்சைகளுக்கிடையே இதற்குப் பொழுது ஏது எனச் சிலர் வினவலாம். வாரத்துக்கு இருவர் முறைவைத்துச் சென்றால் ஒருவர்க்கு ஒரு பருவத்தில் மூன்று நான்கு முறைக்குமேல் வாராது. இறுதியாண்டு மாணவரோடு முதலாண்டு மாணவர் ஒருவர் உடன் செல்லுதல் வேண்டும். அதனால் முறை கைமாறும். விடுமுறைக்கு, அணிமையில் வாழும் பழைய மாணவர் துணை நிற்கலாம். பதிவேட்டின் மூலப்படி கல்லூரி நூலகத்தில் இருத்தல் நலம். நீரில் இறங்குதல் கூடாது. நீர்வளத்துறையின் அனுமதியும் ஆசிரியர் ஒருவரின் துணையும் வேண்டும்.

இதனாற் பயன் யாதெனின், ஏரி கெட்டுவிட்டது எனக் கூச்சலிடும் மனுவுக்கும், ஐந்தாண்டு அளவுகளைக் காட்டி இன்ன மாதத்தில் இன்ன கால்வாயருகே நீர் கெட்டது எனக் கூறும் மனுவுக்கும் மிக்க வேறுபாடு உண்டு. பின்னதை எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்கமாட்டார். நீதிமன்றத்திலும் அது துணையாகும். ஆவடிப் பருத்திப்பட்டு ஏரி 2019-ஆம் ஆண்டில் சூழல் பூங்காவாகத் திருத்தப்பெற்றது. அத்தகைய திருத்தம் நிலைத்ததா, நீர் தெளிந்ததா, பறவை மிகுந்ததா என்பதையும் தொடர்ந்த கணக்கே காட்டும்.

மரக்கன்று நடுவதை விடவேண்டுமென்று யாம் கூறவில்லை. நட்ட கன்றுக்கும் பதிவேட்டில் ஓர் எண் இட்டு, மறு ஆண்டு அஃது உளதா எனப் பார்த்து எழுதுக என்றே கூறுகின்றோம். வரும் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், நம் கல்லூரிக் கழகத்தார் ஒரு கட்டுக் குறிப்பேடும் அளவுகோலும் கொண்டு முதல் அளவை எடுப்பாராக. அதனை எழுதும் மாணவர் பட்டம் பெற்றுச் சென்றபின்னும், அப்பக்கத்துக்குக் கீழே மற்றொருவர் கையெழுத்து வளர்ந்துகொண்டே வரும்.