வீட்டுக் கோழி வளர்ப்பும் நோய்த் தடுப்பும்



கோழி வளர்ப்புப் பற்றிய வினாக்களுக்குப் பலர் மனனம் செய்தே விடை எழுதுகின்றனர். "கூளம் உலர்ந்திருத்தல் வேண்டும்" என எழுதுவோர், "ஏன்?" என்று கேட்கப்படும் இடத்தில் வெற்றிடம் விட்டுச் செல்கின்றனர். ஒவ்வொரு பராமரிப்பு முறைக்கும் ஒரு காரணம் உண்டு. அதை விளங்கிக்கொண்டால் பரீட்சையில் புள்ளியும் கிடைக்கும். வீட்டிலுள்ள கோழியும் பிழைக்கும். எனவே இப்பாடத்தில் முறையையும் காரணத்தையும் சேர்த்தே படிப்போம்.

1. கோழியின் இயல்புகள்

வீட்டுக் கோழி பிரதானமாக ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து தோன்றியதாகும். எமது தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி அதற்கு நெருங்கிய வேறோர் இனம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காட்டு மூதாதையின் பழக்கங்கள் வீட்டுக் கோழியிடம் இன்றும் உண்டு.

• இரவில் உயரமான இடத்தில் அடையும். எனவே கூட்டினுள் குறுக்குத் தடி தேவை.
• மறைவான, வெளிச்சம் குறைந்த இடத்தில் முட்டையிடும். எனவே 4 – 5 கோழிகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி வைக்க வேண்டும்.
• புழுதியில் குளித்துப் பேன், தெள்ளு ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளும். எனவே உலர்ந்த மணலோ சாம்பலோ உள்ள ஓர் இடம் வேண்டும்.

2. வளர்ப்பு முறைகள்

(அ) திறந்த முறை: கோழிகள் பகலில் வளவில் திரிந்து தீனி தேடும். செலவு குறைவு. ஆனால் கீரி, மரநாய், பருந்து ஆகியவற்றால் இழப்பு அதிகம். நோயும் எளிதில் தொற்றும்.
(ஆ) அரைச் செறிவு முறை: இரவில் கூடு, பகலில் வேலியடைத்த திறந்த இடம். வீட்டில் சில கோழிகளை வளர்ப்போருக்கு இது பொருத்தமானது.
(இ) செறிவு முறை: முழு நேரமும் மனையினுள் வளர்த்தல். ஆழ்கூள முறையும் கூட்டு முறையும் இதில் அடங்கும்.

3. கோழி மனை

• மேடான இடத்தில் அமைக்க வேண்டும். காரணம்: மழைநீர் தேங்கினால் கூளம் நனையும்.
• நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். காரணம்: காலை, மாலை வெயில் நேரடியாக உள்ளே விழுவது குறையும்.
• பக்கச் சுவரின் மேற்பகுதிக்குக் கம்பி வலை இட வேண்டும். காரணம்: எச்சத்திலிருந்து வெளிவரும் அமோனியா வாயு காற்றோட்டத்தால் வெளியேறும். இவ்வாயு கண்ணையும் சுவாசப் பாதையையும் பாதிக்கும்.
• ஆழ்கூள முறையில் உமி அல்லது மரச்சீவல் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்வாக வைக்க வேண்டும். காரணம்: ஈரக் கூளத்தில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கொக்சிடியா ஒட்டுண்ணி பெருகும்.

4. தீனும் நீரும்

8 வாரம் வரை குஞ்சுத் தீன், அதன்பின் ஏறத்தாழ 20 வாரம் வரை வளர் கோழித் தீன், முட்டையிடத் தொடங்கியபின் முட்டைக் கோழித் தீன் என வழங்கப்படும். முட்டையிடும் கோழியொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 – 120 கிராம் தீன் உண்ணும். அதன் இருமடங்களவு நீர் குடிக்கும். வெப்பமான நாளில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும்.

முட்டை ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்றினால் ஆனது. எனவே முட்டையிடும் கோழிக்குச் சிப்பித்தூள் கொடுக்க வேண்டும். சோறு, குறுணல், தவிடு மட்டும் கொடுத்தால் புரதமும் கல்சியமும் போதாமற் போகும். உப்புக் கூடிய கருவாடும் பூஞ்சணம் பிடித்த தீனும் கொடுக்கலாகாது, இரண்டும் நஞ்சாகும்.

கவனிக்க: சேவல் இல்லாவிட்டாலும் பேடு முட்டையிடும். அம்முட்டை கருக்கட்டாதது; குஞ்சு பொரிக்காது, உணவுக்கு உகந்தது. ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 24 – 26 மணித்தியாலம் ஆவதால் நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

5. குஞ்சுப் பராமரிப்பு

கோழி முட்டையின் அடைகாலம் 21 நாள். தாயின்றி வளர்க்கும் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சுகளைப் பாருங்கள். விளக்கின் கீழ் நெருங்கி நின்றால் குளிர். விளக்கை விட்டு விலகி வாய் திறந்து நின்றால் வெப்பம் அதிகம். எங்கும் பரவலாகத் திரிந்தால் வெப்பம் போதுமானது.

6. பிரதான நோய்கள்

நியூகாசில் (இராணிக்கெட்): வைரசு நோய். மூச்சுத் திணறல், பச்சை நிறக் கழிச்சல், கழுத்து முறுகுதல், கால் இறகு செயலிழத்தல் ஆகியன அறிகுறிகள். குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுப்பு மருந்து உண்டு.
கோழி அம்மை: வைரசு நோய். நுளம்பாலும் பரவும். கொண்டை, முகத்தில் கொப்புளம் தோன்றும். இதற்கும் தடுப்பூசி உண்டு.
இரத்தக் கழிச்சல்: ஒட்டுண்ணி நோய். இளங்கோழிகளை அதிகம் தாக்கும். மருந்தால் குணப்படுத்தலாம்.

நியூகாசில் தடுப்பு மருந்தைக் குடிநீரில் கொடுக்கும்போது குளோரீன் கலந்த குழாய்நீரைப் பயன்படுத்தலாகாது. குளோரீன் மருந்திலுள்ள உயிருள்ள வைரசை அழித்துவிடும்.

7. சம்பவ வினா

ஒரு வீட்டில் 11 நாட்டுக் கோழிகள் இருந்தன. அவற்றுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கப்படவில்லை. சந்தையில் வாங்கிய பேடு ஒன்றை அன்று மாலையே அதே கூட்டில் விட்டனர். நான்காம் நாள் அது வாய் திறந்து மூச்சு வாங்கியது. சளி என நினைத்து, வீட்டில் மீதியிருந்த நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தனர். அடுத்த வாரத்துக்குள் கழுத்து முறுகி, பச்சையாகக் கழிந்து 9 கோழிகள் இறந்தன. அவற்றைப் பின்னாலிருந்த வெற்றுக் காணியில் வீசினர். பின்னர் அயல் வீட்டுக் கோழிகளும் இறந்தன.

வினா: இங்கு இழைக்கப்பட்ட தவறுகள் ஐந்தைக் குறிப்பிட்டுத் திருத்துக.

விடை:
1. தடுப்பு மருந்து கொடுக்கவில்லை. உரிய வயதில் கொடுத்திருத்தல் வேண்டும்.
2. புதிய கோழியைத் தனிமைப்படுத்தவில்லை. குறைந்தது 2 வாரம் வேறிடத்தில் வைத்து அவதானிக்க வேண்டும்.
3. வைரசு நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தனர். அது வைரசை அழிக்காது.
4. கால்நடை வைத்தியருக்கு அறிவிக்கவில்லை. முதல் அறிகுறியிலேயே அறிவிக்க வேண்டும்.
5. இறந்த கோழிகளை வீசினர். சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும்.

மாணவர்களே, இது கற்பனை வினா அன்று. சந்தையில் வாங்கிய அந்தப் பேட்டைக் கூட்டுக்குள் விட்டவன் நானே. பட்டப்படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்த காலம் அது. அயல் வீட்டு ஆச்சி முட்டை விற்ற காசில்தான் மருந்து வாங்கி வந்தார். அவருடைய 6 கோழிகளும் இறந்தன. அவர் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. எனக்கு அதுவே பெருந்துன்பமாக இருந்தது.

தடுப்பு மருந்துக் குப்பி ஒன்றில் பெருந்தொகைக் கோழிகளுக்குரிய மருந்து இருக்கும்; கரைத்தபின் சில மணித்தியாலங்களில் அது பயனற்றுப்போகும். எனவே உங்கள் வீட்டில் நான்கு கோழிகளே இருந்தாலும், அயலவர்களுடன் பேசி ஒரே நாளில் எல்லோருடைய கோழிகளுக்கும் கொடுங்கள். உங்கள் கூட்டில் வரும் நோய் உங்கள் வேலியோடு நின்றுவிடாது. கோழியைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவவும் மறக்க வேண்டாம்.

பயிற்சி வினாக்கள்

1. கூளம் உலர்வாக இருக்க வேண்டியதற்கான காரணத்தைத் தருக.
2. நியூகாசில் நோயில் சிகிச்சையைவிடத் தடுப்பு முக்கியமானது. ஏன்?
3. குஞ்சுகளின் நடத்தையைக் கொண்டு வெப்பநிலையை அறியும் விதத்தை விளக்குக.
4. உங்கள் வீட்டில் 5 கோழிகளை அரைச் செறிவு முறையில் வளர்ப்பதற்குத் திட்டமொன்றைத் தயாரிக்குக. ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் காரணம் எழுதுக.