டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு வை-பி தேவைதானா?

புதிதாக டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "வீட்டில் வை-பி இருக்கிறது. மொபைல் போனில் இன்டர்நெட் நன்றாக வருகிறது. கம்ப்யூட்டரையும் அதிலேயே இணைத்துவிடலாமா? அல்லது கேபிள் இழுக்க வேண்டுமா?"

கேள்வி சிறியதுதான். ஆனால் தேர்வுக் கட்டணம் செலுத்தும்போதோ, வேலைக்கான விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்போதோ, வீடியோ வழியே நேர்காணல் நடக்கும்போதோ இணைப்பு அறுந்தால் இழப்பு சிறியதாக இருக்காது. எனவே பணம் செலவழிக்கும் முன், எது நமக்கு ஏற்றது எனப் பார்த்துவிடலாம்.

இரண்டு வேகங்கள்

இன்டர்நெட் நிறுவனத்திலிருந்து உங்கள் வீட்டு ரௌட்டர் வரை வருவது ஒரு வேகம். ரௌட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை செல்வது இன்னொரு வேகம். இவ்விரண்டில் எது குறைவோ, அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். நீங்கள் பணம் கட்டுவது வினாடிக்கு 100 மெகா பிட் திட்டத்திற்கு என வைத்துக் கொள்வோம். வை-பி இணைப்பு 40 மெகா பிட் அளவே தந்தால், கம்ப்யூட்டரில் கிடைப்பது 40 தான். மாறாக, உங்கள் திட்டமே 40 மெகா பிட் என்றால், விலை உயர்ந்த வை-பி அடாப்டர் வாங்கினாலும் 40க்கு மேல் வராது.

அட்டைப் பெட்டியில் உள்ள எண்

1999ல் வந்த 802.11பி வகை வை-பியின் உச்ச வேகம் 11 மெகா பிட். 2003ல் வந்த ஜி வகை 54 மெகா பிட் தந்தது. பின்னர் 2009ல் என் வகையும், 2013ல் ஏ.சி. வகையும் வந்தன. 2021ல் இறுதி செய்யப்பட்ட ஏ.எக்ஸ். வகையைத்தான் வை-பி 6 என்கிறோம். இந்த வேகங்கள் எல்லாம் தடையில்லாத சூழ்நிலையில் கணக்கிடப்பட்டவை. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது.

கடைகளில் "ஏ.சி. 1200" என எழுதிய அடாப்டர்களைக் காணலாம். இது 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300 மெகா பிட்டையும், 5 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையின் 867 மெகா பிட்டையும் கூட்டிச் சொல்லும் எண். வை-பி 6 வரையிலான அடாப்டர்கள் ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில் மட்டுமே இணையும். எனவே 1200 என்பது உங்களுக்கு ஒருபோதும் கிடைக்காது.

கேபிள் வழி இணைப்பில் இந்தக் குழப்பம் குறைவு. கேட் 5இ வகை கேபிள் 100 மீட்டர் தூரம் வரை வினாடிக்கு ஒரு கிகா பிட் வேகத்தைத் தாங்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு. வை-பியில் ஒரே சேனலில் இருக்கும் போன், டி.வி., கம்ப்யூட்டர் எல்லாம் முறை வைத்துத்தான் பேச முடியும். கேபிளில் உங்கள் கம்ப்யூட்டருக்குத் தனிப் பாதை.

நம் வீட்டுச் சுவர்கள்

2.4 கிகா ஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி ஓரளவு செல்லும், வேகம் குறைவு. 5 கிகா ஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவரில் அதிகம் தேய்ந்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட், இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி ஆகியவை சிக்னலைக் குறைக்கும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும்போது 2.4 அலைவரிசையில் இடையூறு ஏற்படும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பக்கத்து வீட்டு ரௌட்டர்களும் அதே சேனல்களுக்குப் போட்டியிடும். 2.4 அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள் மட்டுமே.

வாங்கும் முன் சோதனை

உங்கள் மொபைல் போனையே கருவியாகப் பயன்படுத்தலாம். முதலில் ரௌட்டர் அருகில் நின்று ஸ்பீட் டெஸ்ட் செய்திடவும். அடுத்து கம்ப்யூட்டர் கேபினட் இருக்கும் இடத்தில், மேஜைக்குக் கீழே போனை வைத்து மீண்டும் சோதிக்கவும். காலையில் ஒரு முறையும், வீட்டில் எல்லாரும் இருக்கும் இரவு நேரத்தில் ஒரு முறையும் இதைச் செய்வது நல்லது. இரண்டு இடங்களிலும் வேகம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் வை-பி போதும். மேஜைக்குக் கீழே பாதிக்கும் குறைவாக இருந்தால் கேபிளைப் பற்றி யோசிக்கவும்.

எந்த அடாப்டர்?

சில டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் வை-பி வசதி இணைந்தே வருகிறது. எனவே முதலில் கேபினட்டின் பின்புறம் ஆன்டெனா திருகும் இணைப்புகள் உள்ளனவா எனப் பாருங்கள். அவை இருந்து, ஆன்டெனா மாட்டாமல் இருந்தால் சிக்னல் மிகவும் குறைவாகவே கிடைக்கும். ஆன்டெனா மதர்போர்டு பெட்டியிலேயே இருக்கலாம்.

இல்லை என்றால் இரண்டு வழிகள். யு.எஸ்.பி. அடாப்டர் மலிவானது, செருகினால் போதும். மதர்போர்டில் பொருத்தும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டுக்குக் கேபினட்டைத் திறக்க வேண்டும்.

யு.எஸ்.பி. அடாப்டரைக் கேபினட்டின் பின்புறம் செருகாதீர்கள். பின்னால் சுவர், முன்னால் இரும்புப் பெட்டி என அது சிக்கிக் கொள்ளும். ஒரு யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் மூலம் மேஜை மேல் கொண்டுவந்து வையுங்கள். யு.எஸ்.பி. 3.0 வகை ஹார்டு டிஸ்க்குகள் 2.4 அலைவரிசையில் இடையூறு தரும் என்பதால், அவற்றிலிருந்தும் சற்று விலக்கி வைக்கவும்.

அடாப்டருக்கான டிரைவர் புரோகிராமை டவுன்லோட் செய்ய இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்ற நிலை வரலாம். அப்போது ஆண்ட்ராய்ட் போனை டேட்டா கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து, போனின் செட்டிங்ஸில் யு.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்கவும். போனின் இன்டர்நெட் கம்ப்யூட்டருக்குக் கிடைத்துவிடும். எப்போதாவது மட்டும் இன்டர்நெட் பயன்படுத்துபவர்களுக்கு இதுவே போதும். எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கேபிள் இழுப்பதானால்

ரௌட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இரு முனையிலும் இணைப்பான் பொருத்திய கேபிள் ஒன்றை வாங்கிச் செருகுங்கள். வேறு அறை என்றால் சுவர் ஓரமாக, கதவு நிலையைச் சுற்றிக் கொண்டு செல்லலாம். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. மின்சார வயர் செல்லும் குழாய்க்குள் இதை நுழைக்கக் கூடாது, அது ஆபத்து.

இணைத்தபின் விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் எனத் தேர்ந்தெடுக்கவும். லிங்க் ஸ்பீட் 1000 எனக் காட்டினால் சரி. 100 எனக் காட்டினால், ரௌட்டரின் போர்ட் பழையதாக இருக்கலாம். அல்லது கேபிளின் எட்டு வயர்களில் ஏதோ ஒன்று சரியாக இணையாமல் இருக்கலாம். கிகா பிட் வேகத்திற்கு எட்டும் வேண்டும். 100 மெகா பிட்டிற்கு நான்கே போதும். உங்கள் திட்டம் 100 மெகா பிட்டுக்குக் குறைவு என்றால் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

பாதுகாப்பு

வை-பி சிக்னல் உங்கள் வீட்டு வாசலோடு நிற்பதில்லை. ரௌட்டர் செட்டிங்கில் டபிள்யு.பி.ஏ.2 அல்லது டபிள்யு.பி.ஏ.3 தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். பழைய டபிள்யு.இ.பி. முறை 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது. அதனைப் பயன்படுத்தவே கூடாது. போன் எண்ணை பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். ரௌட்டருடன் வந்த அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். கம்ப்யூட்டரைக் கேபிளில் இணைத்தாலும், வீட்டில் வை-பி இயங்கும் வரை இவை அனைத்தும் பொருந்தும்.

முடிவாக

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இடம் மாறாமல் ஒரே மேஜையில் இருக்கும் சாதனம். எனவே கேபிள் இழுக்க முடியும் என்றால் கேபிள்தான் என் பரிந்துரை. ஒரு முறை செய்த வேலை, பல ஆண்டுகள் தொந்தரவின்றி உழைக்கும். கேபிளுக்கு வழியில்லை, மேலே சொன்ன சோதனையிலும் நல்ல வேகம் வந்தது என்றால் 5 கிகா ஹெர்ட்ஸ் வசதியுள்ள அடாப்டர் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். சோதனையில் வேகம் குறைந்தால் அடாப்டருக்குச் செலவழிக்கும் முன் ரௌட்டரைப் பீரோவின் மறைவிலிருந்து உயரமான, திறந்த இடத்திற்கு மாற்றிப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

இறுதியாக ஒன்று. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் பலர் ரௌட்டரை மறந்துவிடுகின்றனர். மின்சாரம் நின்றால் கம்ப்யூட்டர் இயங்கும், இன்டர்நெட் இருக்காது. வை-பியோ கேபிளோ, ரௌட்டருக்கும் யு.பி.எஸ். இணைப்பு கொடுத்துவிடுங்கள்.