அண்ணாந்தால் தெரிகிற ஊர்

ராசிபுரத்துக்காரர்கள் தினமும் பார்த்துக்கொண்டே பல் துலக்குகிற மலை போதமலை. அதன்மேல் கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர்கள். தேர்தல் வந்தால் வாக்கு இயந்திரத்தைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மலையேறும் படம் பத்திரிகையில் வரும். முன்பு கழுதை மேல் போனது. படத்துக்கு அடியில் தவறாமல் ‘தொலைதூர மலைக் கிராமம்’ என்று போட்டிருக்கும்.

என்ன தொலைவு? சேலத்திலிருந்து ராசிபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கிருந்து அடிவாரத்துக்கு வண்டியில் போய்விடலாம். அதற்குமேல் சில மணி நேரக் கல்பாதை நடை. அவ்வளவுதான். 1947-க்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு கழித்துத்தான் அந்த நடைக்குப் பதிலாக, 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலான சாலைக்கு, சுமார் 140 கோடி ரூபாய் ஒதுக்கி வேலையைத் தொடங்கினார்கள். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகள் எல்லாமே இப்படிப் பட்டணத்துப் பார்வையில் இருப்பவைதான். பார்வையில் இருப்பதைப் பற்றித்தான் நமக்குக் கதைகளும் அதிகம். அங்கே வாழ்பவர்களைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் சில கதைகள் இவை.

“தேனும் தினைமாவும் சாப்பிட்டு வாழ்கிறவர்கள்”

இப்போது பெரும்பாலும் ரேஷன் அரிசிதான். கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விளைந்த சரிவுகளில் குச்சிக்கிழங்கு நிற்கிறது. கீழே சேலம், நாமக்கல் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் இருக்கின்றன. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் காசு. சாமைக்கு அந்த வசதி கிடையாது.

‘பாரம்பரிய உணவைக் கைவிட்டுவிட்டார்களே’ என்று நகரத்துச் சிறுதானிய அங்காடியில் நின்று வருத்தப்படுகிறவர்கள் ஒருமுறை சாமையைக் குத்திப் பார்க்க வேண்டும். கடுகளவு மணி, அதன்மேல் இறுக ஒட்டிய உமி. உரலில் போட்டுக் குத்திப் புடைத்து, திரும்பக் குத்திப் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி தேற்றுவதற்குள் தோள் கழன்றுவிடும். குத்தியது முழுக்கப் பெண்கள். கீழே நெல்லுக்கு ஊருக்கு ஊர் ரைஸ் மில் வந்த பிறகும் சாமைக்கு இயந்திரம் மலையேறவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானிய வேலையைக் கையில் எடுத்தபோது, விதையோடு அரவை இயந்திரத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது அதனால்தான். ரேஷன் அரிசி 2011 முதல் இலவசமாகக் கிடைக்கும்போது எந்தப் பெண் உலக்கையைத் தேடுவாள்? நான் தேட மாட்டேன்.

“மலைக்காற்றும் மூலிகையும் இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு”

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாத மலையிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் சாலை முடிந்த இடத்தில் நின்றுகொள்ள, தாய் அதற்கு மேல் பிள்ளையைக் கையில் ஏந்தி நடந்தே ஊர் சேர்ந்தார்.

கட்டுவிரியனையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் இரவில், தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலியே தெரியாமல்கூட இருக்கும். கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். அந்த நஞ்சை முறிக்க எந்தப் பச்சிலையும் கிடையாது. இருப்பது ஒரே மருந்து, நஞ்சுமுறி ஊசி. அந்த ஊசிக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியை எடுத்துக்கொடுப்பது யார்? 1978-இல் தொடங்கிய, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பழங்குடிக் கை பிடித்த பாம்பிலிருந்து மருந்து தயாராகி நாடு முழுக்கப் போகிறது. அல்லேரிக்கு மட்டும் நேரத்துக்குப் போகவில்லை.

காற்றால் ஆரோக்கியம் வரும் என்றால் தருமபுரி மாவட்டம் சித்திலிங்கியில் வந்திருக்க வேண்டும். கல்வராயனுக்கும் சித்தேரிக்கும் நடுவில் கிடக்கும் பள்ளத்தாக்கு அது. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-இல் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதைத் தாண்டவில்லை. அந்த ஊர்ப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கினார்கள். வளவு வளவாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். எண்ணிக்கை 20 அளவுக்கு இறங்கியது. காற்று அதே காற்றுதான்.

“ரோடு போட்டால் காடு போய்விடும், அவர்களே ரோடு கேட்பதில்லை”

கேட்பதில்லை என்பது சுத்தப் பொய். போதமலைக்காரர்கள் கேட்டுக் கொடுத்த மனுக்களை அடுக்கினால் அதுவே ஒரு மலை. முதல் பாதியில் கொஞ்சம் நியாயம் உண்டு, மறைப்பானேன். 70 கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலைக்குப் பாதை போட்ட பிறகு அதன் வழியாக ஆம்புலன்ஸ் மட்டும் ஓடவில்லை. பாக்சைட் லாரிகளும் ஓடின. ஆனால் சுரங்கத்துக்குக் கிடைத்த அனுமதி பிரசவத்துக்கு ஏன் கிடைக்கவில்லை என்று திருப்பிக் கேட்கலாமே?

வனநிலத்தை வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்றது 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம். கோப்புகள் அதில்தான் சிக்கின. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது: பள்ளி, மருந்தகம், சாலை போன்றவற்றுக்குக் கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலம் தரலாம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. நல்ல சட்டம்தான். கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும். நாலு மீட்டர் அகலச் சாலைக்கு ஒரு ஹெக்டேர் என்பது இரண்டரை கிலோமீட்டர். மலைப்பாதை இரண்டரையோடு முடிகிறதா? போதாக்குறைக்குத் தமிழ்நாட்டில் அந்தச் சட்டப்படி பட்டா தருவதே 2008-இல் வந்த நீதிமன்ற உத்தரவால் 2016 வரை முடங்கிக் கிடந்தது.

“எத்தனை வருஷமாகக் கொட்டிக் கொடுத்தும் திருந்தவில்லை”

எத்தனை வருஷமாக? கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் என்ற பரம்பரை நிலப்பிரபுக்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்துத்தான் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.

“வெளியுலகம் தெரியாத வெள்ளந்திகள்”

மலையில் வேலை இல்லாத மாதங்களில் கேரளத்து மிளகுத் தோட்டம், குடகுக் காப்பித் தோட்டம், திருப்பூர் என்று ஜவ்வாது மலையும் கல்வராயனும் பாதி காலியாகிவிடும். நம்மில் பலரைவிட அதிக ஊர் பார்த்தவர்கள். அந்தப் பயணங்களில் ஒன்றுதான் சேஷாசலம் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போவதும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரப் போலீஸ் அங்கே 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் சித்தேரி மலை ஊர்க்காரர்களும் உண்டு. அட்வான்ஸ் கொடுத்து ஆள் பிடித்த புரோக்கருக்கு அந்த மலை ஒருபோதும் தொலைவாக இருந்ததில்லை.

“மலையாளி என்றால் கேரளாக்காரர், மலையில் இருப்பவர்களுக்கு எல்லாம் எஸ்.டி. சலுகை உண்டு”

இரண்டும் தப்பு. இந்த மலைகளில் வாழும் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்கள் கதையைச் சொல்வார்கள்.

பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு மாவட்டங்களையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோடு அதில் இல்லை. பட்டியல் எழுதிய அன்றைக்கு அது கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள் இருந்தது. அதனால் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் இருக்கும் மலையாளிகள் சட்டப்படி பழங்குடிகள் அல்ல. எல்லைக்கு இந்தப் பக்கம் சேலம் மாவட்டத்தில் இருக்கும் அவர்களுடைய சொந்தக்காரர்கள் பழங்குடிகள். சேலத்திலிருந்து பர்கூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண்ணிடம் சாதிச் சான்றிதழ் இருக்கும். சான்றிதழைப் பொதுவாக அப்பா வழியில் பார்ப்பதால், அவள் பெறும் பிள்ளைக்கு அது கிடையாது.