பாட்டி வளர்த்த காது

கேள்வி: டாக்டர், எனக்கு 23 வயது. என் பாட்டி திருநெல்வேலிப் பக்கம். பாம்படம் போட்டுத் தோளைத் தொட்ட காது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், 8 மி.மீ. பிளக் போடுகிற மாதிரி என் காதுத் துளையைப் பெரிதாக்க ஆசை. வடக்கு மாட வீதியில் வாங்கிய கனமான ஜிமிக்கியைக் கழற்றாமல் இருந்தாலே விரிந்துவிடும் என்கிறாள் தோழி. வேப்பங்குச்சியைச் செருகு என்கிறார் அம்மா. எதைச் செய்யலாம்?
- ஒரு வாசகி, மந்தைவெளி

பதில்: இரண்டுமே வேண்டாம். கனம் தொங்கினால் துளை வட்டமாக விரியாது, கீழ்நோக்கிக் கீறலாக நீளும். அடிவிளிம்பு மெலிந்துபோய், ஒருநாள் துப்பட்டா மாட்டி இழுக்கும்போது மடல் இரண்டாகப் பிளக்கும். வேப்பங்குச்சி, குத்திய துளை தூர்ந்துபோகாமல் இருக்க நம் வீடுகளில் வைப்பது. அதன் சொரசொரப்பு விரிகிற தோலைக் கீறிவிடும்.

பாட்டிக்குக் காது ஒரே மாதத்தில் வளர்ந்துவிடவில்லை. சின்ன வயதிலேயே குத்தி, பஞ்சுத் திரி, ஓலைச் சுருள் என்று பருமனைக் கூட்டி, அதன் பிறகுதான் ஈயக் குணுக்கு மாட்டினார்கள். பழைய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையிலும் திரியைப் படிப்படியாகத் தடிமனாக்கும் முறை உண்டு. அறுந்த மடலை ஒட்டவைக்க 15 வழிகளும் அதே அத்தியாயத்தில் இருக்கின்றன. எழுதியவர் நிறையக் காதுகளைப் பார்த்திருக்கிறார்! படிப்படியாகப் போகும் அந்த நிதானம்தான் உங்களுக்கு வேண்டியது. ஆனால் ஈயம் நச்சு உலோகம், அதைப் புண்பட்ட தோலில் வைக்கக் கூடாது.

இப்போது உங்கள் துளை 1 மி.மீ. அளவில் இருக்கும். அடுத்து 1.2, 1.6, 2 என்று போங்கள். எந்தப் படியிலும் 1 மி.மீ.க்கு மேல் தாண்டாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் நடுவே ஆறு வாரமாவது இடைவெளி வேண்டும், 4 மி.மீ.க்கு மேல் இரண்டு மூன்று மாதம். கணக்குப் போட்டால் 8 மி.மீ.யைத் தொட ஒரு வருடத்துக்கு மேலாகிவிடும். வெந்நீரில் குளித்து, தோல் இளகியிருக்கும்போது கையைச் சோப்பு போட்டுக் கழுவி, ஜொஜோபா எண்ணெய் தடவி நுழையுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வலித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மருத்துவத் தர டைட்டானியம் அல்லது கண்ணாடி பிளக் நல்லது. அக்ரிலிக், சிலிக்கோன், மரம் எல்லாம் ஆறிய துளைக்குத்தான். கவரிங் நகையில் நிக்கல் இருக்கலாம், அது பலருக்கு அரிப்பைக் கிளப்பும். கூம்புக் கம்பி வழி திறக்க மட்டும். அதையே மாட்டிக்கொண்டு திரியாதீர்கள்.

மடலின் பின்பக்கம் சதை உதடுபோலப் பிதுங்கினால் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். முந்தைய அளவுக்கே இறங்கி, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்டெரைல் சலைனால் கழுவுங்கள்; மஞ்சள் அப்ப வேண்டாம். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தால் டாக்டரிடம் போங்கள். தழும்பு தடித்து வளரும் கீலாய்டு உடம்பு, கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர்கள் இதில் இறங்கவே கூடாது. மேல்காதின் குருத்தெலும்பைத் தொடாதீர்கள்.

4 மி.மீ.யில் ஆறு மாதம் நின்று பாருங்கள். அந்த அளவில் மனம் மாறினால் துளை பெரும்பாலும் சுருங்கிவிடும். 8 மி.மீ. ஆனபின் அந்த உத்தரவாதம் இல்லை. மரப்பு ஊசி போட்டுத் தைக்க வேண்டி வரலாம்.