ஈராக்கின் துருக்மானியரும் மும்பைத் தமிழரும்

மக்கள் பிழைப்பு நாடிப் பிறமொழி நாட்டில் குடியேறிச் சிறுபான்மையர் ஆவதுண்டு. மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை மாறியதால் சிறுபான்மையர் ஆவதும் உண்டு. ஈராக்கில் வாழும் துருக்மானியர் இரண்டாம் வகையினர்.

கிர்குக், தல் அஃபர் முதலிய ஊர்களில் அவர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்கின்றனர். ஒட்டோமான் பேரரசின் காலத்தில் ஆட்சிமொழி துருக்கி. முதல் உலகப் போரில் அப்பேரரசு வீழ்ந்தது. 1926ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மோசுல் பகுதி ஈராக்குக்கு உரியதாயிற்று. ஆட்சிமொழிக்கு உறவான மொழியைப் பேசியவர்கள் அரபு நாட்டில் சிறுபான்மையர் ஆயினர்.

நம் முன்னோரோ குடியேறியவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தாராவியில் தோல் பதனிட்டனர். அலுவலக வேலைக்கு வந்தோர் மாதுங்காவில் குடியமர்ந்தனர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. பின்னர் செம்பூரிலும் தமிழர் பெருகினர். ஆயினும் எல்லை மாற்றம் நம்மையும் தொட்டது. 1960 மே முதல் நாள் மகாராட்டிரம் மொழிவழி மாநிலமாயிற்று. 1966இல் தோன்றிய சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தது. அப்போது தமிழர், மலையாளி, கன்னடர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை, அனைவரும் ‘மதராசி’களே.

பிறர் இட்ட பெயர் ஒன்று. உள்ளே பிரிவுகள் பல. துருக்மானியருள் சன்னி, சியா என்ற பிரிவு உண்டு. நம்மிடையே, தாராவிக்கும் மாதுங்காவுக்கும் நடுவே ஓடுவது ரயில்பாதைதான் என்றாலும், சாதியும் வருவாயும் வகுத்த தொலைவு பெரிது. இப்பிரிவுகளைக் கடந்து நம்மை இணைக்கவல்லது எது? மொழியே என்பது என் கருத்து.

ஈராக் அரசு 1970இல் துருக்மானியருக்குத் தாய்மொழிக் கல்வி உரிமை அளித்தது. சில ஆண்டுகளிலேயே அப்பள்ளிகளை மூடியது. அவ்வுரிமை 2005ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தில் மீண்டும் இடம்பெற்றது. இந்திய அரசியல் சட்டத்திலோ, மொழிச் சிறுபான்மையர் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க வழிசெய்யும் 350அ என்னும் பிரிவு 1956 முதல் உள்ளது. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. அவர்கள் பள்ளியை அரசு மூடியது. நம் பள்ளியின் கதவு திறந்திருக்கிறது, நாம்தாம் நுழைவதில்லை.

இதைச் சொல்லும் நானும் குற்றத்திற்குப் புறம்பானவன் அல்லன். செம்பூரில் ஆங்கிலவழியில் பயின்றேன். வீட்டில் பேசிய தமிழைப் பதினெட்டாம் வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதுவரை பாட்டியின் கடிதங்களைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டவன் நான்.

ஆகவே தோழர்களே, ஞாயிறுதோறும் நம்முள் பத்துப் பேர் தாராவிக்குச் சென்று, தமிழ் எழுத்தறியாத சிறுவர்க்கு அதைக் கற்பிப்போம். எழுத்தறியாத மாணவர் நம்முள்ளும் உளர். அவர்கள் அச்சிறுவருடன் அமர்ந்து கற்கட்டும். சட்டம் தந்த உரிமை, பயன்படுத்துவோர் இருந்தால்தான் நிலைக்கும்.