கடைசி மூன்றடி

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் வந்தது. வேர்ல்ட் கோல்ஃப் டூர் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ், ஐந்தாவது குழி. மூன்றே ஷாட்டில், குழியைச் சுற்றி மழித்துவிட்ட புல்வெளியான கிரீனுக்கு வந்துவிட்டாய். அங்கிருந்து குழியில் போட நான்கு தட்டு! "கம்ப்யூட்டர் வேணும்னே ஏமாத்துது மாமா" என்று எழுதியிருக்கிறாய். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதலில் உனக்கு ஓர் ஆறுதல். ஓல்ட் கோர்ஸில் 18 குழிகளுக்கு 11 கிரீன்கள்தான். ஏழு கிரீன்களில் இரண்டிரண்டு குழிகள். அந்த ஜோடிகளின் எண்களைக் கூட்டினால் ஒவ்வொன்றும் 18 வரும். நீ மாட்டிக்கொண்ட ஐந்தாவது குழியும் பதின்மூன்றாவதும் ஒரே புல்வெளியில் கிடக்கின்றன. கிரீனில் பந்து விழுந்துவிட்டது என்று நீ குதிக்கும்போது குழி நூறடிக்கு அப்பால் இருக்கலாம். நிஜ மைதானத்தைப் படமெடுத்துச் செய்த விளையாட்டு என்பதால் அந்தப் பெரிய பரப்பும் மேடு பள்ளமும் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டன.

ஆறுதல் அவ்வளவுதான். மற்ற மூன்று தட்டும் உன் தவறு. நீ திசைக்கு அரை நிமிஷம் செலவழிக்கிறாய், தூரத்தைக் குத்துமதிப்பாக விட்டுவிடுகிறாய். அதைத் தலைகீழாக்கு. எவ்வளவு வேகத்தில் அடிக்கப் போகிறாய் என்று தெரியாமல் பந்து எவ்வளவு வளையும் என்று எப்படிச் சொல்வாய்?

கிரீனின் வேகம் என்று திரையில் போடுகிறார்களே, அது என்ன? கேரம் போர்டில் மாவு தூவுவதற்கு முன்னும் பின்னும் ஸ்ட்ரைக்கர் ஓடும் விதம் உனக்குத் தெரியும். அதுதான். 1935இல் ஓக்மாண்டில் யு.எஸ். ஓப்பன் பார்க்கப் போன எட்வர்ட் ஸ்டிம்ப்சன், பெரிய ஆட்டக்காரர்களே பந்தை நிறுத்த முடியாமல் திணறியதைக் கண்டு, கிரீனின் வழுக்கலை அளக்க ஒரு கருவி செய்தார். இன்றைக்கு இருப்பது மூன்றடி நீள அலுமினியப் பட்டை. நடுவில் பள்ளம், மேல்பக்கம் பந்தை வைக்க ஒரு வெட்டு. சமதளத்தில் ஒரு முனையை ஊன்றி மறுமுனையை மெல்லத் தூக்கினால், ஏறக்குறைய 20 டிகிரியில் பந்து தானே உருளும். தரையில் பத்தடி ஓடி நின்றால் அந்தக் கிரீனின் வேகம் 10. பன்னிரண்டு அடி ஓடினால் 12.

இதை வைத்து ஒரு நாள் நோட்டில் கணக்குப் போட்டேன். பந்து கிளம்பும் வேகம் தெரியும், நிற்கும் தூரம் தெரியும். அப்படியானால் மேட்டில் ஏறும்போது எவ்வளவு இழக்கும் என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். வேகம் 10 உள்ள கிரீனில் ஓர் அங்குல ஏற்றம் ஏறக்குறைய ஓர் அடி தூரத்தைத் தின்றுவிடுகிறது. 12 என்றால் ஒன்றேகால் அடி. இறக்கத்தில் அதே அளவு சும்மா கிடைக்கும். குழி 10 அடி தள்ளி, 4 அங்குலம் கீழே, கிரீன் 12 என்று வைத்துக்கொள். ஐந்தடிக்கு அடித்தால் போதும். நீ பத்தடிக்கு அடித்துவிட்டு கம்ப்யூட்டரைத் திட்டுகிறாய்.

ஆனால் திரையில் உன் பட்டருக்கு (தட்டும் மட்டைக்கு) வரும் வேகப் பட்டையில் காட்டும் 20 அடி நிஜமாகவே 20 அடிதானா என்று முதலில் பார்த்துக்கொள். ஏற்றமும் இறக்கமும் இல்லாத இடமாகப் பிடித்து, ஒவ்வொரு வகைக் கிரீனிலும் பத்துப் பந்து தட்டி, எங்கே நிற்கிறது என்று எழுதிவை. சலிப்பான வேலை. எனக்கு இரண்டு மாலை பிடித்தது. பட்டையின் அளவையும் கவனி: நூறடிப் பட்டையில் ஐந்தடி என்பது இருபதில் ஒரு பங்கு, மயிரிழை தவறினாலும் போச்சு. இருபத்தைந்தடிப் பட்டைக்கு மாற்றினால் அதே ஐந்தடி ஐந்தில் ஒரு பங்காக விரிகிறது. நீ கிட்டத் தட்டும்போதும் பெரிய பட்டையிலேயே ஆடியிருக்கிறாய், படத்தில் தெரிகிறது.

இனி வளைவு. பந்து வேகமாகப் போகும்போது சரிவு அதைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி. வேகம் குறையக் குறையச் சரிவுக்கு அவகாசம் கிடைத்துவிடுகிறது, இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் பாதி வழி நேராகப் போன பந்து குழிக்கு முன் மூன்றடியில் திடீரென்று திரும்புகிறது. கிரீன்மேல் விரியும் கட்டங்களில் சரிவைக் காட்டி ஓடும் புள்ளிகளை உன் காலடியிலிருந்து பார்க்க ஆரம்பிக்காதே. குழிப்பக்கத்திலிருந்து பின்னோக்கி வா. கடைசி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் புள்ளிகள் எந்தப் பக்கம், எவ்வளவு விரைவாக ஓடுகின்றன என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. இறக்கத்தில் மெல்லத் தட்டுவதால் பந்து நெடுநேரம் உருளும், வளைவும் கூடும், ஏற்றத்தில் குறையும்.

குழியைத் தாண்டி எவ்வளவு அடிப்பது? நாசாவில் வேலை பார்த்துவிட்டுப் பட்டிங் ஆராய்ச்சிக்கு வந்த டேவ் பெல்ஸ், விழாவிட்டால் குழியை 17 அங்குலம் தாண்டி நிற்கும் வேகமே சரி என்றார். காரணம் சுவையானது. நிஜக் கிரீனில் குழியைச் சுற்றி நாள் முழுவதும் ஆள் நடந்து புல் மிதிபட்டுக் கிடக்கும். மெதுவாக வரும் பந்து அந்த மேடு பள்ளத்தில் தடுமாறும். உன் திரையில் யார் கால்தடம் இருக்கிறது? ஒருவருமே நடக்காத புல் அது. ஆகவே ஓர் அடி தாண்டினால் போதும் என்பது என் கட்சி. குழியின் வாய் 4.25 அங்குலம், பந்து 1.68. மெதுவாக வரும் பந்து ஓரத்தில் வந்தாலும் விழுந்துவிடும். விரைந்து வருவது நடுவில் வந்தால்தான் உண்டு. ஓரத்தில் பட்டால் சுற்றிக்கொண்டு வெளியே ஓடும். வேகத்தைக் கூட்டும்போது நீயே குழியைச் சின்னதாக்கிக்கொள்கிறாய். ஆனால் குழிக்கு எட்டாத பந்து எந்தக் குழியிலும் விழாது, அதையும் பார்த்துக்கொள்.

தட்டும்போது வேகப் பட்டையில் ஓடும் குறியைப் பிடித்து நிறுத்தும் அந்த நொடியைப் பற்றி நான் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; அது கைப்பழக்கம். முந்தினாலோ பிந்தினாலோ பந்து கோட்டை விட்டு விலகும். என் பழைய லேப்டாப் நடுவில் திக்கும், அதற்காக மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் உட்காருவேன்.

இன்னொன்று. 1970 பிரிட்டிஷ் ஓப்பன், இதே செயின்ட் ஆண்ட்ரூஸ், கடைசிக் கிரீன். டக் சாண்டர்ஸுக்கும் கோப்பைக்கும் இடையில் மூன்றடிக்கும் குறைந்த ஒரு தட்டு. தயாராக நின்றுவிட்டவர், பந்தின் பாதையில் ஏதோ கிடப்பதாகத் தோன்ற, நின்ற இடம் மாறாமல் குனிந்து கையை நீட்டினார். பிறகு அப்படியே தட்டினார். பந்து வலப்பக்கம் விலகிவிட்டது. ஆட்டம் சமனாகி, மறுநாள் நடந்த தனி ஆட்டத்தில் ஜாக் நிக்லாஸிடம் ஒரே ஷாட்டில் தோற்றார். விலகி நின்று முதலிலிருந்து பார்த்திருக்கலாம். நீ குறி வைத்து முடித்த நேரத்தில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போ. திரும்பி வந்து, குழிப்பக்கத்திலிருந்து புள்ளிகளை மறுபடி பார்.

அடுத்த வாரம் அதே ஐந்தாவது கிரீனில் இருபது தட்டு தட்டிவிட்டு எழுது. விழுந்த கணக்கு எனக்கு வேண்டாம். விழாதவை எத்தனை குழிக்கு முன்னால் நின்றன, எத்தனை தாண்டிப் போயின, எவ்வளவு தூரம் என்று மட்டும் அனுப்பு.

அன்புடன்,
மாமா